புது மண்டபத்துச் சந்தை: கல்லைக் காப்பாற்றினோம், தொழிலை எங்கே வைத்தோம்?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்திலிருந்து வெளியே வந்து கீழச் சித்திரை வீதியைத் தாண்டினால் எதிரே புது மண்டபம். அதன் கிழக்கு முனைக்கு அப்பால், கட்டி முடிக்காமல் விட்ட ராய கோபுரத்தின் அடிப்பகுதி நிற்கிறது. இரண்டையும் எழுப்பத் தொடங்கியவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர். கோபுரம் பாதியில் நின்றுவிட்டது, மண்டபம் முடிந்தது. முடிந்த மண்டபம் காலப்போக்கில் சந்தையாகி, சில ஆண்டுகளுக்கு முன்வரை ஏறக்குறைய முந்நூறு கடைகளோடு அப்படியே நடந்தது.

இன்று அந்தக் கடைகள் அங்கே இல்லை. பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மாநகராட்சி கட்டிய வளாகத்துக்கு அவற்றை மாற்றினார்கள். கடைகளை வெளியே எடுத்தது சரி என்பதுதான் என் கருத்து. எடுத்த விதத்தில் ஒரு கணக்கு விட்டுப்போனது. அது என்ன கணக்கு என்று சொல்ல, அங்கே நடந்த தொழிலைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

கோடைக்குக் கட்டிய கூடம்

இந்த மண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றும் பெயர் உண்டு. வைகாசி வெயிலில் மீனாட்சியும் சொக்கநாதரும் வந்து இளைப்பாற, வசந்த உற்சவத்துக்கென்றே கட்டியது. சுமார் 330 அடி நீளம், நூறடிக்குச் சற்று மேலான அகலம். 124 தூண்கள் நான்கு வரிசையாக நிற்பதால் நடுவே ஓர் அகலமான பாதையும் இரு பக்கமும் இரண்டு குறுகிய பாதைகளும் கிடைக்கின்றன. மண்டபத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி, அதில் நீர் நிரப்பி, உள்ளே வரும் காற்றைக் குளிர வைத்தார்கள். தலைக்கு மேலே கனத்த கற்பலகைக் கூரை. வெளியே சித்திரை வீதித் தளம் காலைச் சுடும்போது உள்ளே நுழைந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும்.

தூண்களில் இருப்பதைச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். திருக்கல்யாணம், ஊர்த்துவ தாண்டவம், கரும்பு தின்னும் கல் யானை, பன்றிக் குட்டிகளுக்குப் பால் கொடுத்த திருவிளையாடல், கயிலையைத் தூக்கும் இராவணன், நடுப்பாதையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு நிற்கும் நாயக்க மன்னர்கள். 1792-இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் இதை வரைந்தார்கள். 1858-இல் லின்னேயஸ் டிரைப் புகைப்படம் எடுத்தார். வெள்ளைக்காரர்கள் இதைத் திருமலை நாயக்கர் சத்திரம் என்றே குறித்தார்கள்.

கடைகள் நுழைந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். கோயில் வாசலுக்கு எதிரே நிழல், தூணுக்குத் தூண் தானாகவே ஒரு கடையின் அளவுக்கு இடைவெளி, நாள் முழுக்க ஆள் நடமாட்டம். வாடகை கோயிலுக்கு. ஓரப் பாதைகளில் இரு பக்கமும் கடைகள் நிரம்பின. ஒரு பகுதியில் பித்தளை, எவர்சில்வர் பாத்திரம். ஒரு பகுதியில் வளையல், குங்குமம், ஃபேன்சி சாமான். ஒரு பகுதியில் பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், பக்திப் பாடல் தொகுப்புகள், அவற்றுக்குப் பக்கத்திலேயே பள்ளிப் பாடநூலும் போட்டித் தேர்வு கைடும். இவை எல்லாவற்றையும் தாண்டி மண்டபத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் தையற்காரர்கள்.

தையல் மிஷினும் கல் யாளியும்

தையற்காரர்களில் பலர் முஸ்லிம்கள். யாளியின் காலடியில் மிஷின் போட்டு, அம்மனுக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருப்பார்கள். இதை மத நல்லிணக்கம் என்று வெளியூர்ப் பத்திரிகைகள் படம் போட்டு எழுதும். மதுரைக்காரர்களுக்கு அது செய்தியாகவே பட்டதில்லை. நல்லா தைப்பாரா, சொன்ன நாளில் தருவாரா என்பதுதான் கேள்வி.

வந்தவர்கள் கேட்டதும் பலவிதம். புதுச் சேலைக்கு ஓரம் அடிப்பதும் ஃபால்ஸ் வைப்பதும் நின்ற நிலையில் முடியும் வேலை. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கிருஷ்ணர் உடை, பாரதியார் தலைப்பாகை, கோட்டு. நாட்டியம் ஆடும் பிள்ளைக்கு விசிறி மடிப்பு வைத்த உடுப்பு. வெளிநாட்டுப் பயணிகள் தாங்கள் போட்டிருக்கும் சட்டையையே மாதிரிக்குக் கொடுத்து, கோயிலைச் சுற்றிவிட்டு வருவதற்குள் அதேபோல இன்னொன்று வாங்கிப் போனதும் உண்டு. சுற்றுலாக் கையேடுகளில் இந்தத் தையல் சந்தைக்கு இடம் கிடைத்தது அதனால்தான்.

உண்மையான வியாபாரம் ஊர்க் கோயில்களோடு. மதுரையைச் சுற்றி, தேனி, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், திண்டுக்கல் வரை, குலதெய்வக் கோயில் இல்லாத ஊர் உண்டா? ஒவ்வொன்றுக்கும் கொடை, பொங்கல், முளைப்பாரி, எருதுகட்டு. ஒவ்வொன்றுக்கும் துணி வேண்டும். பூசாரியும் ஊர்ப் பெரியவர் இரண்டு பேரும் சேர்ந்து வருவார்கள்.

“பாய், சாமிக்குப் பாவாடை தைக்கணும்.”

“நின்ன சாமியாண்ணே, உக்காந்த சாமியா?”

“நின்ன சாமிதான். இடுப்பளவுக்கு இருக்கும்.”

“கை எத்தனை?”

இந்த ‘கை எத்தனை’ விளையாட்டுக் கேள்வி கிடையாது. நான்கு கை, எட்டுக் கை உள்ள அம்மனுக்கு மனித உடைபோலத் தைத்தால் மேலே ஏறாது. முன்பக்கம் மட்டும் மடிப்பு வைத்து, பின்னால் நாடா போட்டு, கட்டுகிற மாதிரி தைக்க வேண்டும். நின்ற கோலமானால் நீளம் வேண்டும். அமர்ந்த கோலமானால் முழங்காலில் விழும் மடிப்புக்கு அகலம் கூட்ட வேண்டும். சாமியைப் பார்க்காமலே சாமிக்கு அளவு எடுக்கிற இந்த அறிவு எந்தத் தையல் வகுப்பிலும் கற்றுக்கொடுப்பது கிடையாது. அப்பா, மாமா மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துப் பழகிய பையனுக்குத்தான் வரும்.

பாவாடையோடு சேர்ந்து வருபவை இன்னும் இருக்கின்றன: சுவாமி புறப்பாட்டுக்குக் குடை, சப்பரத்தில் தொங்கும் தொம்பை, சன்னதித் திரை, கொடிமரத்துக்குக் கொடித்துணி. துணி வாங்க ஒரு கடை, ஜரிகைக்கும் லேஸுக்கும் அடுத்த கடை, குஞ்சத்துக்கும் சமிக்கிக்கும் அதற்கடுத்த கடை, தைக்க எதிர் வரிசை. பித்தளைக் குத்துவிளக்கும் தூபக்காலும் வாங்குவதற்கு இன்னும் பத்து எட்டு. கொடை நடத்தும் ஊரார் காலையில் பஸ் இறங்கி மாலைக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்ப முடிந்தது.

அழகர் வேடம்

இந்தச் சந்தையின் உச்சம் சித்திரை. மீனாட்சி கல்யாணம் ஒருபுறம், சித்ரா பௌர்ணமியில் கள்ளழகர் வைகையில் இறங்குவது இன்னொருபுறம். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் நடந்துவந்த அழகர் விழாவை மதுரைக்குக் கொண்டுவந்து இரண்டையும் இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அப்படியானால் மண்டபத்தைக் கட்டியவரும், அதில் உட்கார்ந்த தையற்காரருக்குப் பெரும் சீசனை உண்டாக்கியவரும் ஒரே ஆள்.

அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் வேடமிட்டு வருவார்கள். சிலர் திரி எடுப்பார்கள், அதாவது எரியும் துணிப் பந்தம் ஏந்தி வருவார்கள், சிலர் தோப்பறை என்னும் ஆட்டுத்தோல் பையில் நீர் நிரப்பி, துருத்திக் குழாயால் அழகர்மீது பீய்ச்சுவார்கள். இவர்களுக்கான உடை ரெடிமேட் கடையில் தொங்குவது அல்ல. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீல வெல்வெட்டில் முழங்கால் வரைக்கும் சல்லடம், மேலே கச்சை, தலைக்கு உருமால். எல்லாவற்றிலும் ஜிகினா, கண்ணாடிச் சில்லு, சமிக்கி, விளிம்பெல்லாம் ஜரிகைப் பட்டை, ஓரத்தில் குஞ்சம்.

வெல்வெட்டை வெட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் ரோமம் ஒரு திசையில் படுத்திருக்கும். கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால், தைத்து முடித்த பிறகு ஒரு கால் அடர் சிவப்பாகவும் மறு கால் வெளிறியும் தெரியும். துணியை மிச்சம் பிடிக்க நினைத்துத் தலைகீழாகப் போட்டு வெட்டுகிறவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார். இரண்டு வெல்வெட்டை முகத்தோடு முகம் வைத்து மிஷினில் ஓட்டினால் ரோமம் ஒன்றையொன்று தள்ளி நழுவும். அதனால் முதலில் கையால் நூலோட்டிப் பிடித்துவிட்டு அப்புறம்தான் மிஷின். சுருக்கம் விழுந்தால் மேலே இஸ்திரிப் பெட்டியை வைக்க முடியாது, ரோமம் நசுங்கிப் பளபளத்துவிடும். கவிழ்த்துப் போட்டு உட்பக்கம் லேசாக ஓட்ட வேண்டும். கண்ணாடிச் சில்லும் சமிக்கியும் கடைசியில் வரும். அந்தக் கைவேலையைப் பெரும்பாலும் வீடுகளில் இருக்கும் பெண்கள் செய்வார்கள். துணி மண்டபத்திலிருந்து வீட்டுக்குப் போய், வேலை முடிந்து திரும்பி வரும். அவர்கள் பெயர் எந்தக் கடைப் பலகையிலும் இருந்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை உடுத்தும் இந்த உடையை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைப்பவர்களும் உண்டு, ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தைப்பவர்களும் உண்டு. நேர்த்திக்கடன் விஷயத்தில் யாரும் அதிகம் பேரம் பேசுவதில்லை என்பது தையற்காரருக்கும் தெரியும்.

சித்திரை முடிந்தால் ஜூனில் பள்ளிச் சீருடையும் புத்தகமும். ஆடியில் அம்மன் கோயில்களுக்கு மஞ்சளும் சிவப்புமாகத் துணி. புரட்டாசியில் நவராத்திரிக் கொலு. கார்த்திகை பிறந்ததும் கருப்பு வேட்டி, காவி வேட்டி, இருமுடிப் பை. தை, மாசியில் மறுபடி ஊர்க் கொடைகள். ஒரு கடையின் மந்தமான மாதம் இன்னொரு கடையின் சீசன். கூட்டம் ஒரே கூரைக்கு அடியில் வருஷம் முழுக்கச் சுழன்றுகொண்டிருந்ததால் மந்தமான கடையும் பிழைத்தது.

கல்லுக்கு நேர்ந்தது

இதில் கல்லின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். கடைக்காரர் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கு ஆணி வேண்டும், அலமாரி வேண்டும், ட்யூப் லைட்டும் ஃபேனும் வேண்டும். பக்கங்களிலிருந்து மட்டுமே வெளிச்சம் வரும் மண்டபத்தில் மின்சாரம் இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாது. ஒயர்கள் சிற்பத்தின் கழுத்தைச் சுற்றிப் போயின. அலமாரிக்குப் பின்னால் எந்த நாயக்கர் நிற்கிறார் என்றே தெரியாத இடங்கள் இருந்தன. மண்டபத்தைப் பார்க்க வந்தவர் தலையை உயர்த்தி மேல் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

அப்புறம் 2018 பிப்ரவரி 2. அன்று இரவு கோயிலின் கிழக்குப் பகுதியில் இருக்கும் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ பிடித்தது. அங்கேயும் கடைகள்தான். கடைகள் எரிந்ததோடு போகவில்லை. கல் தூண்கள் வெடித்தன, கூரைக் கற்கள் சரிந்தன. கருங்கல்லுக்குத் தீயால் ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. கருங்கல்லில் குவார்ட்ஸ் படிகங்கள் உண்டு. சுமார் 573 டிகிரி செல்சியஸில் அவற்றின் அமைப்பு மாறி, சட்டென்று விரிகின்றன. பக்கத்தில் இருக்கும் மற்றத் தாதுக்கள் அதே வேகத்தில் விரிவதில்லை. உள்ளுக்குள்ளேயே ஒன்றையொன்று பிளக்கின்றன. சூடான கல்லின்மீது தண்ணீர் பட்டால் இன்னும் மோசம். பிளாஸ்டிக்கும் துணியும் நிறைந்த ஒரு கடை எரிந்தால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும்.

புது மண்டபத்தில் என்ன இருந்தது? துணி, நூல், பஞ்சு, காகிதம், பிளாஸ்டிக் பொம்மை, மிஷின் எண்ணெய், பழைய ஒயர். அந்தத் தீக்குப் பிறகு புது மண்டபத்தில் கடைகள் தொடரலாம் என்று வாதாடுவது கஷ்டம். கடைகளுக்கு இடம் மாற வேண்டிய நெருக்கடி முற்றியது. வணிகர்கள் மாற்று இடம் கேட்டார்கள், நீதிமன்றம் வரை பேச்சு போனது, குன்னத்தூர் சத்திர வளாகம் கட்டி முடிந்தது, சில ஆண்டுகளில் மண்டபம் காலியானது.

விட்டுப்போன கணக்கு

நியாயமாகச் சொன்னால், மதுரையில் நடந்தது பல ஊர்களில் நடந்ததைவிட மேல். ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் இடம் கொடுத்துவிட்டு ‘மாற்று இடம் தந்தோம்’ என்று கை கழுவவில்லை. நடந்து போகிற தூரத்தில், கோயிலைச் சுற்றியே, கோயில் கூட்டம் புழங்குகிற வீதியில் கொடுத்தார்கள். தீயணைப்பு வசதியும் முறையான மின் இணைப்பும் உள்ள கட்டடம், தலைக்கு மேல் சிற்பம் இல்லாத கட்டடம்.

ஆனால் இடம் ஒதுக்கும்போது எண்ணப்படுவது கடை. ஒரு கடைக்கு ஓர் எண், இவ்வளவு சதுர அடி, இவ்வளவு வாடகை. மண்டபத்தில் ஓடியது சங்கிலி. பூசாரி துணி வாங்கிய இடத்திலிருந்து தையல் மிஷினுக்குப் பத்தடி, அங்கிருந்து ஜரிகைக்கு ஐந்தடி. நடுவில் ஏதாவது குறைந்தால் தையற்காரரே எழுந்து போய் எதிர்க் கடையில் கடனுக்கு எடுத்து வந்துவிடுவார். எல்லாம் ஒரே தரைமட்டத்தில், இரு பக்கமும் பார்த்துக்கொண்டே நடக்கிற நீளமான ஒரு பாதையில். மாடிக் கட்டடத்தில் அந்தப் பாதை துண்டுபடுகிறது. துணிக்கடை கீழே, தையல் மேலே என்றால், மேலே ஒரு தையற்காரர் இருக்கிறார் என்பதே புதிதாக வருபவருக்குத் தெரியாது. மூட்டையோடும் குழந்தையோடும் வருகிறவர் படியேறத் தயங்குவார். தெரிந்த வாடிக்கையாளர் தேடி வருவார். எதேச்சையாக வருகிறவர் வரமாட்டார். கோயிலுக்கு வந்த இடத்தில் ‘இங்கே உடனே தைத்துத் தருவார்களாமே’ என்று நின்ற கூட்டம் முழுக்க எதேச்சையாக வந்ததுதான்.

இன்னொன்று, மண்டபத்தில் கடை வைத்திருந்தவரும் அந்தக் கடையில் மிஷின் போட்டு உட்கார்ந்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. துணிக்கடைக்காரரின் படியோரத்தில் பீஸ் கணக்கில் தைத்துப் பிழைப்பவருக்கு ஒதுக்கீட்டுப் பட்டியலில் எண் கிடைக்காது. எண் இல்லாதவரை யாரும் இடம் மாற்றுவதில்லை. அவராகவே எங்காவது மாறிக்கொள்ள வேண்டும். சமிக்கி வைக்கும் பெண்ணின் நிலை அதற்கும் கீழே.

தப்ரீஸும் மூர் மார்க்கெட்டும்

ஈரானின் தப்ரீஸ் நகரத்துக் கூரைச் சந்தை இதற்கு நேர்மாறான வழியில் போனது. செங்கல் வளைவுகளின் கீழ் கம்பளம், தோல், நகை என்று தொழில்வாரியாகப் பிரிந்து கிடக்கும் மிகப் பெரிய சந்தை அது. சிதிலமாகிக்கொண்டிருந்த அதைப் பழுதுபார்க்கையில் வணிகர்களை வெளியேற்றவில்லை. செலவில் ஒரு பங்கை அவர்களே ஏற்றார்கள். 2010-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, 2013-இல் அந்தச் சீரமைப்புக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பலர் இதைக் காட்டி ‘மதுரையிலும் இப்படிச் செய்திருக்கலாமே’ என்பார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. தப்ரீஸ் சந்தை சந்தையாகவே பிறந்தது. கிடங்கு, கடை, வழி எல்லாம் வியாபாரத்தை மனத்தில் வைத்துக் கட்டியவை. புது மண்டபத்தின் தூணைச் செதுக்கியவர் அதில் அலமாரி அறைவார்கள் என்று நினைத்துச் செதுக்கவில்லை. அதோடு தப்ரீஸையும் தீ விடவில்லை. 2019 மே மாதத் தீயில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் சேதமடைந்தன.

சென்னை மூர் மார்க்கெட்டின் கதைதான் நமக்கு நெருக்கம். 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே மாதம் எரிந்துபோனது. நின்ற இடத்தில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் வந்தது. வணிகர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகம். பழைய புத்தகக்காரர்கள் அங்கே தொடர்ந்தார்கள். தேடிப் போகிறவர்களுக்கு இன்றும் புத்தகம் கிடைக்கும். ஆனால் ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்து இரண்டு புத்தகத்தோடு வெளியே வந்த அந்தக் கூட்டம் திரும்பவில்லை. மாற்று இடம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மதுரைக்கு முப்பது ஆண்டுக்கு மேலான முன்மாதிரி கையிலேயே இருந்தது.

இனி என்ன செய்யலாம்

மண்டபத்துக்குள் கடைகள் திரும்ப வேண்டாம். ஆணிகளைப் பிடுங்கி, புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கழுவி, வைகாசியில் சுவாமி வந்து இருக்கும் இடமாகவே அது இருக்கட்டும். மற்ற மாதங்களில் மக்கள் சும்மா உள்ளே போய்த் தூண்களைப் பார்க்கவும் திறந்து வைக்க வேண்டும். பூட்டி வைத்துக் காப்பாற்றுவது எனக்குப் பிடித்த வழி அல்ல.

சந்தைக்கு வேண்டியது வேறு. வளாகத்தில் கடை ஒதுக்கீட்டை ஒருமுறை மறுபடி கலைத்துப் போடத் துணிய வேண்டும். எண் வரிசையை விட்டுவிட்டு, சாமித் துணி ஆர்டர் ஒன்று எந்தெந்தக் கடை வழியாகப் போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்து, அந்த வரிசையில் வைக்க வேண்டும். தையல், ஜரிகை, சமிக்கி, குடை, தொம்பை எல்லாம் தரைத்தளத்தில், ஒரே நடைபாதையில். விலாசம் தெரிந்து வருகிறவர்களை நம்பி நடக்கும் மொத்த வியாபாரமும் கைடு புத்தகக் கடைகளும் மேலே போகலாம், மாணவர்கள் படியேறுவார்கள். மிஷின் மட்டும் வைத்திருப்பவருக்கு முழுக் கடை தேவையில்லை. பொதுக் கூடம் ஒன்றில் ஒரு மிஷினுக்கும் ஒரு வெட்டுப் பலகைக்கும் இடம், மாத வாடகைக்குக் கிடைத்தால் போதும். கோயிலின் கிழக்கு வாசலில் வளாகத்துக்கு வழி காட்டும் பலகை ஒன்று தெளிவாகத் தெரிய வேண்டும், அதில் ‘வணிக வளாகம்’ என்று மட்டும் போடாமல் ‘சாமி உடை, அழகர் வேடம், நாட்டிய உடை தைக்கும் இடம்’ என்று எழுத வேண்டும்.

அண்மை ஆண்டுகளில் அழகர்மீது பிரஷர் பம்ப் வைத்துத் தண்ணீர் அடிக்கக் கூடாது, தோல் பையால்தான் பீய்ச்ச வேண்டும் என்று கட்டுப்பாடு வந்திருக்கிறது. நல்லதுதான். இதனால் தோப்பறை தைப்பவருக்கும் வெல்வெட் தைப்பவருக்கும் கிராக்கி கூடும். பங்குனி பிறப்பதற்குள் தரைத்தள ஒதுக்கீட்டை மாற்றினால் அடுத்த சித்திரை சீசனுக்கே உதவும். சித்திரை கழிந்து மாற்றினால் தையற்காரர் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.